தோலும் கொலாஜனும்: தப்பிலிருந்து மறுசேர்க்கைப் புரதம் வரை

கண்டி நகருக்குத் தென்கிழக்கே, தலாத்துஓயாவைக் கடந்து ஏறிச் செல்லும் மலைச்சரிவுகளில் அமைந்த ஹேவாஹெட்டப் பகுதி இலங்கையின் தேயிலை வரலாற்றில் முதலிடம் பெற்றது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வணிக நோக்குடன் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இப்பகுதியைச் சேர்ந்ததே. அத்தோட்டத்திலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கோப்பிக் காலந்தொட்டுக் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் தம்முடன் கொண்டுவந்தவற்றுள் தப்பு என்னும் தோற்கருவியும் ஒன்று. விடியற்காலையில் பிரட்டு எனப்படும் வேலைக் கூட்டத்துக்கு ஆள் திரட்டவும், மாசி மாதக் காமன் கூத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், சாவு வீட்டுக்கும் முழங்கிய அக்கருவி, வட்டமான மரச்சட்டத்தின் ஒரு முகத்தில் கன்றுத் தோலை இழுத்து ஒட்டிச் செய்யப்படுவது. மலைநாட்டின் ஈரக்காற்றில் அத்தோல் நீரை உறிஞ்சித் தளர்ந்துவிடும் என்பதால், அடிப்பதற்கு முன் சருகையோ வைக்கோலையோ கொளுத்தி அதைத் தீயில் காட்டுவது வழக்கம். நீர் வெளியேற வெளியேறத் தோலின் நார்கள் ஒன்றையொன்று நெருங்கித் தோல் இறுகும், ஓசையும் எழும். சூடு சற்று மிகுந்தால் தோல் மீள முடியாதபடி சுருண்டு கெட்டுவிடும் என்பதும், எந்தக் கட்டத்தில் தீயை விட்டு எடுக்க வேண்டும் என்பதும் தப்படிப்பவரின் விரல் நுனிக்குத் தெரிந்த அறிவு.

அவ்வாறு இறுகுவதும் தளர்வதும் கொலாஜன் என்னும் புரதமாகும். விலங்குடலின் இழையங்கள் கலங்களால் மட்டும் ஆனவை அல்ல. கலங்கள் தம்மைச் சுற்றித் தாமே சுரந்து கட்டிக்கொள்ளும் நார்களும் பசைகளும் சேர்ந்த ஒரு தளத்தில்தான் அவை பற்றி நிற்கின்றன. கலங்களுக்கு வெளியே அமைந்த இத்தளத்தைக் கலப்புறத் தாயம் என்பர். கொலாஜன், லமினின், பைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் ஆகியவை அதிலுள்ள முதன்மையான புரதங்கள். இவற்றுள் கொலாஜன் ஒன்றே முலையூட்டிகளின் உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை இருக்கிறது. இன்று உயிரியல் ஆய்வுகூடங்களில் கலங்களை வளர்க்கும் கண்ணாடி, பிளாஸ்டிக் தட்டுகளில் பூசுவதற்காக, விலங்கின் உடலிலிருந்து பிரித்தெடுக்காமல், மரபணுவை வேறோர் உயிரியில் புகுத்தி உண்டாக்கும் தாயப் புரதங்கள் சிறு குப்பிகளில் விற்கப்படுகின்றன. மறுசேர்க்கைப் புரதங்கள் எனப்படும் இவை மேற்கு நாடுகளின் அண்மைக்காலக் கண்டுபிடிப்புகளாகவே பொதுவாகப் பேசப்படுகின்றன. ஆயினும் அவற்றுக்கு முற்பட்ட வரலாற்றின் மிக முக்கியமான அத்தியாயம் தமிழ்நாட்டில், தோல் பதனிடும் தொழிலின் அருகிலேயே எழுதப்பட்டது. அந்தத் தொழிலைத் தொட்டுச் சொல்லாமல் அந்த அத்தியாயத்தைச் சொல்ல இயலாது.

தென்னிந்தியத் தோல் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்த வாணிபமாக வளர்ந்திருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, ஈரோடு முதலிய ஊர்களின் தோல் ஷாப்புகளில் பதனிடப்பட்ட மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றன. வந்து சேரும் உப்புத்தோலை முதலில் நீரில் ஊறவைத்து, பின்னர் சுண்ணாம்புத் தொட்டியில் பல நாள் கிடத்தி, மயிர் கழன்றுவரும் பக்குவத்தில் வளைந்த கத்தியால் ஒருபுறம் மயிரையும் மறுபுறம் ஊனையும் வழித்தெடுத்து, சுண்ணாம்பை நீக்கிய பின் ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி மாற்றி ஊறவைத்து, இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் நிறமும் மென்மையும் ஏற்றுவது அன்றைய முறை. இலங்கையில் ரணவரா என்ற பெயரில் பானமாகக் காய்ச்சிக் குடிக்கப்படும் செடியே அந்த ஆவாரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையை அறிமுகப்படுத்த முயன்றார். பின்னர் வாட்டில் மரப்பட்டையும் ஆவாரையின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது.

இந்த வேலையில் இறங்கியவர்கள் பெரும்பாலும் சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்கள் என்பதும், அவர்களது அறிவு அறிவாகவே கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதும் இவ்வரலாற்றில் மறைக்கத்தகாத உண்மைகள். செய்பொருளின் இயல்பு பற்றி அவர்கள் கையாண்ட அளவுகோல்கள் நுட்பமானவை. நனைந்த பச்சைத்தோலைச் சூடாக்கினால் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியஸில் அது திடீரெனச் சுருங்கிப் பசையாகத் தொடங்குகிறது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் அதைவிடப் பத்து இருபது பாகை கூடுதலாகத் தாங்குகிறது. குரோமியத்தில் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கக்கூடியது. பட்டையிலுள்ள தனின் என்னும் பொருள் கொலாஜன் இழைகளுக்கிடையே புகுந்து எண்ணற்ற ஐதரசன் பிணைப்புகளால் அவற்றைக் கட்டிப்போடுகிறது. குரோமியமோ கொலாஜனிலுள்ள அமிலத்தொகுதிகளைப் பற்றிக்கொண்டு இழைக்கு இழை பாலம் அமைக்கிறது. தோலைத் தோற்பொருளாக்குவது என்பது கலப்புறத் தாயத்தை அதன் உயிர் நீங்கிய பின்னும் நிலைக்கச் செய்வதே என்று இதைச் சுருங்கச் சொல்லலாம். தப்பின் தோல் இவ்வாறு பதனிடப்படாத பச்சைத்தோல். அது தீக்கும் ஈரத்துக்கும் உடனுக்குடன் ஈடுகொடுப்பதற்கு அதுவே காரணம்.

இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்டது. ஏற்றுமதித் தொழிலொன்றுக்கு அறிவியல் துணை தேவை என்ற எண்ணத்தில் உருவான அந்நிறுவனம், தோலின் அடிப்படைப் பொருளான கொலாஜனையும் ஆராயும் இடமாக விரைவில் வளர்ந்தது. 1958இல் அதன் இயக்குநரான யெலவர்த்தி நாயுடம்மா, தோல் தொழிலையும் உயர்கல்வியையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தியவர் என்று நினைவுகூரப்படுகிறார். நிறுவனத்தின் பக்கத்தில்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் இருந்தது. அக்காலத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், 1952இல் அங்கு பௌதிகவியல் துறையைத் தொடங்க முப்பது வயது நிரம்பாத ஒருவரைப் பேராசிரியராக அழைத்தார். அவர் கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன்.

ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் திருநெல்வேலி மாவட்டத்துக் கோபாலசமுத்திரம். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பௌதிகவியல் பயின்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்து, சி. வி. இராமனின் கையால் மீண்டும் பௌதிகவியலுக்கு இழுக்கப்பட்டு, பின்னர் கேம்பிரிட்ஜின் கவெண்டிஷ் ஆய்வுகூடத்திலும் பயின்று திரும்பியவர். அவரது கருவி எக்ஸ் கதிர்க் கோணல். அதாவது, அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒரு பொருளின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறிப் படத்தகட்டில் பதியும் புள்ளிகளின் இடைவெளியிலிருந்து அணுக்களின் அமைப்பைக் கணக்கிட்டுக் கண்டறியும் முறை. சென்னைக்கு வந்த ஆண்டிலேயே அங்கு வருகை தந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்கு அதுவரை முன்மொழியப்பட்ட கட்டமைப்புகள் எதுவும் நிறைவளிக்கவில்லை என்று சொன்னார். உண்மையில், லைனஸ் பாலிங்கும் இராபர்ட் கோரியும் 1951இல் வெளியிட்ட கொலாஜன் மாதிரியும் பிழையானதாகவே இருந்தது.

ராமச்சந்திரனும் இளம் ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் எடுத்துக்கொண்ட பொருள் கங்காருவின் வால் தசைநாண். தசையை எலும்புடன் பிணைக்கும் நாணில் கொலாஜன் இழைகள் ஒரே திசையில் நீளவாக்கில் கிடப்பதால், தோலில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் கொலாஜனைவிட அது தெளிவான எக்ஸ் கதிர்ப் படத்தைத் தரும். படத்துடன் அவர்கள் வேதியியல் பகுப்பாய்வு தந்த ஓர் உண்மையையும் இணைத்துப் பார்த்தனர். புரதம் என்பது அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட பொருள். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றிலொன்று மிகச் சிறியதான கிளைசின் என்பது அப்போதே தெரிந்திருந்தது. மூன்றுக்கு ஒன்றாக வரும் கிளைசின் எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு, மூன்று சங்கிலிகள் அருகருகே சேரும் நடு அச்சில் வேறு எந்த அமினோ அமிலத்துக்கும் இடம் போதாது, ஆகவே கிளைசின் அங்குதான் நின்றாக வேண்டும் என்று விடை கண்டனர். மூன்று சுருளிகள் சேர்ந்து நிற்கும் அந்த மாதிரி 1954 ஆகஸ்ட் 7ஆம் நாள் நேச்சர் இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு, 1955 செப்டெம்பரில், அம்மூன்று சுருளிகளும் ஒன்றையொன்று சுற்றிக் கயிறு முறுக்கியதுபோல் மேலும் ஒரு பெரும் சுருளாகின்றன என்ற திருத்தத்துடன் இரண்டாம் கட்டுரை வந்தது. முச்சுருளி என்று இன்று பாடநூல்கள் கூறும் வடிவம் இதுவே.

அதே ஆண்டு நவம்பரில் கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், சுற்றிய முச்சுருளியை ஏற்றுக்கொண்டு, ஆனால் சங்கிலிகளை இணைக்கும் ஐதரசன் பிணைப்புகள் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு அல்ல, ஒன்றுதான் இருக்க முடியும் என்று வாதிட்டுத் தம் மாதிரியை வெளியிட்டனர். சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்பது அவர்களின் குறைகூறல். அக்குறைகூறலுக்கு ஓரளவு நியாயம் இருந்தது. பிற்காலத்தில், 1994இல், கொலாஜனை ஒத்த சிறு பெப்டைட் ஒன்றின் பளிங்கு அமைப்பு நேரடியாகக் கண்டறியப்பட்டபோது, மூன்று அமினோ அமிலங்களுக்கு நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதும், நீர் மூலக்கூறுகள் இடைநின்று வேறு பிணைப்புகளை அமைக்கின்றன என்பதும் தெரிந்தது. ஆனால் அடிப்படை வடிவத்தை முதலில் கண்டவர்கள் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பல ஆங்கில நூல்கள் கொலாஜனின் கட்டமைப்பைக் கேம்பிரிட்ஜின் பெயரோடு மட்டும் சேர்த்துச் சொல்லிச் சென்றமை வரலாற்றுக்கு இழைத்த அநீதி என்றே கொள்ள வேண்டும்.

குறைகூறலை ராமச்சந்திரன் எதிர்கொண்ட விதமே இவ்வரலாற்றில் மிகுந்த பயன் தந்தது. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு முடிவான அளவு எதுவென்று கேட்டு, அதுவரை வெளியான பளிங்கு அமைப்புகளில் காணப்பட்ட அணு இடைவெளிகளையெல்லாம் அவரும் அவரது மாணவர்களும் தொகுத்தனர். பின்னர் புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய இரண்டு பிணைப்புகளின் கோணங்களை ஒரு வரைபடத்தின் இரு அச்சுகளாகக் கொண்டு, எந்தக் கோணச் சேர்க்கைகளில் அணுக்கள் மோதாமல் இருக்கும், எவற்றில் மோதும் என்று கணக்கிட்டனர். கணினி வசதி அரிதான அந்நாளில் ராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் செய்த இவ்வேலை 1963இல் வெளிவந்தது. ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் உலகெங்கும் வழங்கும் அது, இன்று கண்டறியப்படும் எந்தப் புரதக் கட்டமைப்பும் சரியானதா என்று சோதிக்கும் முதல் உரைகல்லாக இருக்கிறது. தோல் நிறுவனத்தின் பக்கத்தில் கொலாஜனைப் பற்றி எழுந்த ஒரு சச்சரவு, எல்லாப் புரதங்களுக்கும் பொதுவான விதியாக முடிந்தது. கொலாஜன் பற்றிய ஆய்வாளர்கள் 1960இல் சென்னையிலேயே கூடிக் கருத்தரங்கு நடத்தும் அளவுக்கு அந்நகரம் அத்துறையின் மையமாகியிருந்தது.

கொலாஜன் ஆய்வுகூடத் தட்டுக்குள் வந்த பாதை வேறொன்று. 1956இல் அமெரிக்காவின் பால்டிமோரில் இராபர்ட் ஏர்மனும் ஜோர்ஜ் கையும், எலி வால் நாணிலிருந்து கரைத்தெடுத்த கொலாஜனை மீண்டும் உறையச் செய்து, தெளிந்த கூழ்போன்ற அப்படலத்தின் மேல் கலங்களை வளர்த்துக் காட்டினர். வெறுங்கண்ணாடியில் ஒட்டாமல் மடியும் பல கலங்கள் தாயப் புரதத்தின் மேல் பற்றிப் படர்வது தெளிவாயிற்று. 1979இல் ரூபர்ட் டிம்பிலும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வகை எலிக் கட்டியிலிருந்து லமினினைப் பிரித்தெடுத்தனர். அதே கட்டியின் தாயத்தைச் சாறாகப் பிழிந்தெடுத்து மட்ரிஜெல் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதைத் தொடர்ந்த காலத்திலேயே. இன்றுவரை பரவலாகப் பயன்படும் இப்பொருளுக்கு இரண்டு குறைகள் உண்டு. விலங்கின் கட்டியிலிருந்து வருவதால் ஒரு தொகுதிக்கும் மற்றொரு தொகுதிக்கும் உட்பொருளின் அளவு மாறும். விலங்கின் வைரசும் பிற புரதங்களும் கலந்திருக்கக்கூடும் என்பதால் மனிதருக்குச் செலுத்தும் கலங்களை அதன் மேல் வளர்ப்பது ஏற்றதல்ல.

இவ்விரு குறைகளையும் நீக்கவே மறுசேர்க்கை முறை வந்தது. ஒரு புரதத்தின் கட்டளை எழுதப்பட்ட மரபணுவைப் பற்றீரியாவிலோ, மதுவத்திலோ, விலங்கின் வளர்ப்புக் கலத்திலோ புகுத்தினால் அவ்வுயிரி அப்புரதத்தைச் செய்து தரும். பைப்ரோநெக்டினின் தேர்ந்தெடுத்த துண்டங்களை இணைத்து ஈ கோலி பற்றீரியாவில் உண்டாக்கிய ரெட்ரோநெக்டின், மரபணுச் சிகிச்சை ஆய்வில் வைரசையும் கலத்தையும் ஒன்றுசேர்க்கப் பயன்பட்டது. மூலக்கலங்கள், அதாவது உடலின் எந்த வகைக் கலமாகவும் மாறும் ஆற்றல் கொண்ட கலங்கள், மறுசேர்க்கை விட்ரோநெக்டின் மீது நன்கு வளர்கின்றன என்பது 2008 முதல் 2011 வரையான ஆய்வுகளில் உறுதியானது. 2010இல் சுவீடனில் கார்ல் திரிக்வாசனின் குழு மறுசேர்க்கை லமினின் 511ஐக் கொண்டு மனித மூலக்கலங்களை விலங்குப் பொருள் கலவாமல் வளர்த்தது. 2012இல் ஜப்பானில் கியோதோஷி செகிகுச்சியின் குழு அப்புரதத்தின் கலம் பற்றும் துண்டமொன்றே போதும் என்று காட்டியது. முழு லமினின் மூன்று பெரும் சங்கிலிகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு. அதை முழுமையாகச் செய்வது கடினம், துண்டத்தைச் செய்வது எளிது.

கொலாஜனை இவ்வாறு செய்வது எல்லாவற்றிலும் கடினமாயிற்று. சென்னையில் கண்ட முச்சுருளி உடலில் நிலைப்பதற்கு, சங்கிலியிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்தின் ஏறத்தாழப் பாதியில் ஓர் ஒட்சிசன் ஐதரசன் தொகுதி சேர்ந்து அது ஐதரொட்சிபுரோலினாக மாற வேண்டும். அம்மாற்றத்தைச் செய்யும் நொதியத்துக்கு விற்றமின் சி தேவை. அது இல்லாமற்போனால் கொலாஜன் தளர்ந்து ஈறு கசியும், பழைய புண் பிரியும், அதுவே முற்காலக் கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய். இம்மாற்றம் பெறாத கொலாஜனின் முச்சுருளி ஏறத்தாழ 24 பாகை செல்சியஸிலேயே பிரிந்துவிடுகிறது. மாற்றம் பெற்றது 40 பாகையை ஒட்டியே பிரிகிறது. பற்றீரியாவிடமும் மதுவத்திடமும் அந்த நொதியம் இல்லை. ஆகவே அவற்றில் கொலாஜன் மரபணுவை மட்டும் புகுத்தினால் கிடைப்பது மனித உடல் வெப்பத்தில் கரைந்து குலையும் சங்கிலிகளே. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் காரி கிவிரிக்கோ, யோகன்னா மில்லிஹார்யு ஆகியோரின் குழு 1997இல் இதற்கு விடை கண்டது. அவர்கள் கொலாஜனின் மரபணுவுடன் அந்த நொதியத்தின் இரண்டு பகுதிகளுக்குரிய மரபணுக்களையும் சேர்த்தே மதுவத்தில் புகுத்தி, நிலைத்து நிற்கும் முச்சுருளியைப் பெற்றனர்.

ஆக, கொலாஜனை விலங்கின் தோலிலிருந்து விடுவித்த பின்னும், மூன்றுக்கு ஒரு கிளைசின் என்ற சென்னைக் கணக்கிலிருந்து அதை விடுவிக்க எவராலும் முடியவில்லை. அக்கணக்கு ஒரே ஓர் இடத்தில் தவறினாலும் முச்சுருளி குலையும் என்பதற்குப் பரிசோதனைக்குழாய்க்கு வெளியேயும் சான்று உண்டு: எலும்பு எளிதில் முறியும் பிறவிநோயான ஒஸ்டியோஜெனிசிஸ் இம்பர்பெக்டாவில், கடுமையான வடிவங்களின் பெரும்பகுதிக்கு ஒரு கிளைசின் இருந்த இடத்தில் வேறு அமினோ அமிலம் வந்ததே காரணமாக இருக்கிறது. ஒரு மரபணுவை வெட்டி ஒட்டி வேண்டிய வரிசையில் தாயப் புரதத்தை அமைக்கும் இன்றைய பொறியியலாளர், எந்த எழுத்தை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அறிந்திருப்பது ராமச்சந்திரனும் கர்த்தாவும் 1954இல் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரையின் தொடர்ச்சியே. தாயப் புரதங்களின் வரலாற்றை எழுதுவோர் பால்டிமோரையும் ஊலுவையும் சுவீடனையும் விரிவாகச் சொல்வது நியாயம். அவ்வரிசையில் கிண்டிக்கு அடிக்குறிப்பில் மட்டும் இடம் தருவது நியாயமல்ல.

ராமச்சந்திரன் 1970களின் தொடக்கத்தில் பெங்களூருக்குத் திரும்பி மூலக்கூற்று உயிர்ப்பௌதிகவியல் பிரிவைத் தோற்றுவித்தார். 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார். அடையாற்று நிறுவனம் தோலையும் கொலாஜனையும் ஆராய்வதை விடவில்லை. தோலிலிருந்து எடுத்த கொலாஜனைக் கொண்டு தீப்புண்ணை மூடும் படலங்களை அது பிற்காலத்தில் உருவாக்கியது. மறுசேர்க்கை லமினினும் விட்ரோநெக்டினும் மூலக்கல ஆய்வில் விலங்குச் சாறுகளின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன. கொலாஜனில் அது இன்னும் நடக்கவில்லை. அதை நொதியத்துடன் சேர்த்துச் செய்வதற்கு ஆகும் செலவு மிகுதி என்பதால், இன்றும் உலகின் ஆய்வுகூடங்களில் பயன்படும் கொலாஜனின் பெரும்பகுதி எலி வாலிலிருந்தும் மாட்டுத் தோலிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது.